தண்ணீரில் அமிலம்
அத்தியாயம் 14: பதினோரு விநாடி

போன வாரம் டீச்சர் சொன்ன ஒரு வாக்கியத்தோடு நிறுத்தியிருந்தோம்.

“உங்க கையாலதான் உங்க கண்ணு போச்சு. அதோட எங்க வாழ்க்கையும் போச்சு.”

சொல்லிவிட்டு அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கணவர் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். பிறகு, “நான் தங்கச்சி வீட்டுக்குப் போய் இருந்துக்கறேன்” என்றார். கடைக்குப் போய் வருகிறேன் என்று சொல்வாரே, அதே குரலில்.

அவர் சுபாவம் அது. கல்யாணமான புதிதில் டீச்சர் அவருக்கு ‘மந்த வாயு’ என்று பெயர் வைத்தாள். ஹீலியம், நியான், ஆர்கான் என்று ஒரு கூட்டம் இருக்கிறதல்லவா? எதோடும் சேராது, எதற்கும் பொங்காது, பக்கத்தில் நெருப்பே வைத்தாலும் நமக்கென்ன என்று இருக்கும். அந்த ரகம். பெயரைக் கேட்டு அவரே சிரித்தார். பதினெட்டு வருடமாக அவள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஏழு மாதமாகத்தான் இல்லை.

ஏழு மாதத்துக்கு முன்னால் நடந்ததைப் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். டீச்சர் வேதியியல் நடத்துகிற அதே பள்ளிக்கூடத்தில் அவர் ஆய்வக உதவியாளர். பிள்ளைகளுக்கு ‘லேப் சார்’. ஒரு நாள் சாயங்காலம் அடர் கந்தக அமிலத்தில் தண்ணீர் ஊற்றப்போய், அது கொதித்து முகத்தில் தெறித்து இரண்டு கண்ணும் போய்விட்டது. விசாரிக்க வந்தவர்களிடம், “நான்தான் மாத்தி ஊத்திட்டேன்” என்றார். எழுதிக்கொண்டார்கள். கையைப் பிடித்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

தண்ணீரில்தான் அமிலத்தைச் சேர்க்க வேண்டும். அமிலத்தில் தண்ணீரைச் சேர்க்கவே கூடாது. ஆய்வகத்துக்குள் கால் வைக்கிற பிள்ளை படிக்கிற முதல் பாடமே அதுதான். டீச்சர் வருடா வருடம் கரும்பலகையில் ‘நீரில்’ என்று எழுதி, அந்த வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு போடுவாள். இருபது வருடம் அந்தப் பாடத்தைக் காதில் வாங்கிக்கொண்டே குடுவை கழுவிய மனிதர் இப்படிச் செய்தார் என்பதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. விபத்து என்றால் அழுதிருப்பாள். இது அலட்சியம். அலட்சியத்துக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

இன்று மாலை ஐந்தரை மணி பஸ்ஸில் அவர் கிளம்புகிறார். மகளுக்குச் செய்முறைத் தேர்வும் இன்றைக்கென்று பார்த்து வந்து நிற்கிறது.

*

காலையில் முதலில் எழுந்தவள் நாத்தனார். அண்ணனைக் கையோடு கூட்டிப்போக முந்தின நாளே வந்து இறங்கியிருந்தாள். அவளுக்கும் டீச்சர் வைத்த பெயர் ஒன்று உண்டு: வினையூக்கி. எந்தச் சண்டையையும் சட்டென்று முடுக்கிவிடுவாள். சண்டை முடிந்ததும் தான் மட்டும் மடிப்புக் கலையாமல் வெளியே வருவாள். ஆனால் இந்தத் தடவை அவளும் கசங்கிப்போய்த்தான் இருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

“அண்ணி, அண்ணன் சட்டையெல்லாம் எடுத்து வெச்சாச்சு. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க ‘இருங்க’ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பையைப் பிரிச்சு எல்லாத்தையும் நானே திரும்ப அலமாரியில அடுக்கிடுவேன்.”

டீச்சர் சர்க்கரை டப்பாவை எடுத்தாள். அதன் கழுத்தில் இரண்டு ரப்பர் வளையம் இருந்தது. உப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, டீத்தூளுக்கு மூன்று. அப்பா தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று மகள் மாட்டியவை.

“அவராத்தானே போறேங்கறார்” என்றாள் டீச்சர்.

“நீங்க போகச் சொல்லல, ஒத்துக்கறேன். இருக்கச் சொன்னீங்களா?”

“டீ ஆறிடும். எடுத்துட்டுப் போய் அவர்கிட்ட கொடு.”

வினை எதுவும் நடக்காமலே வினையூக்கி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

முன்னறையில் மகள் ஆய்வகக் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. வீட்டில் அவள் துளி. எட்டாம் மாதமே பிறந்து உள்ளங்கையில் அடங்கியவளுக்கு அப்பா வைத்த பெயர். இப்போது அப்பாவின் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். பெயர் மட்டும் வளரவில்லை.

அவர் அவளுடைய கோட்டுப் பொத்தான்களை விரலால் எண்ணிக்கொண்டே வந்தார். “நாலாவது பொத்தான் தொங்குது.”

“பரவால்லப்பா.”

“பியூரெட்டைக் கையில வாங்கினதும்?”

“தண்ணியில கழுவணும். அப்புறம் எந்தக் கரைசல் ஊத்தப்போறோமோ, அதாலேயே ஒரு தடவை.”

“அளவு பார்க்கும்போது?”

“குனிஞ்சு, கண்ணு கோட்டுக்கு நேரா.” கண் என்று சொல்லும்போது அவள் குரல் உள்ளே போனது.

“கடைசித் துளிக்கு முன்னாடி?”

“மூச்சு விடக்கூடாது.”

“அடப்பாவி, மூச்சு விட்டுக்கோ. அவசரப்படாதேன்னுதான் சொன்னேன்.” அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“அமில பாட்டிலைக் கண்டு பயப்படாதே. அது நீர்த்த அமிலம். ஒண்ணும் பண்ணாது” என்றார். அந்த விபத்துக்குப் பிறகு துளி அமில பாட்டிலைத் தொட்டதே இல்லை. செய்முறை வகுப்பில் பக்கத்தில் நிற்கிறவளிடம் ஊற்றித் தரச் சொல்வாள். டீச்சர் எத்தனையோ தடவை திட்டிப் பார்த்துவிட்டாள். “உங்கப்பா பண்ணின தப்புக்கு நீ எதுக்குடி நடுங்கறே?” என்று கேட்டால், தரையைப் பார்ப்பாள்.

“நான் வர்றதுக்குள்ள போயிடுவீங்களாப்பா?”

“நீ அஞ்சு மணிக்குத்தானே வெளிய வருவே. அப்ப நான் ஆட்டோவுல இருப்பேன். ராத்திரி போன் பண்றேன், சரியா?”

துளி அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “நான் சொல்லிடறேன்ப்பா. ப்ளீஸ்.”

“மூச்!” என்றார் அவர்.

அடுப்படி வாசலில் நின்ற டீச்சர் காதில் இது விழுந்தது. அப்பாவுக்கும் பெண்ணுக்கும் ஆயிரம் இருக்கும் என்று விட்டுவிட்டாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “நேரமாச்சு, வா” என்று மகளைக் கூப்பிட்டாள். கணவரிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. பதினேழு படியையும் இறங்கும்வரை முதுகுக்குப் பின்னால் அவர் நிற்பது தெரிந்தது. கண் தெரியாதவர் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று ஒரு கணம் தோன்றியது. திரும்பிப் பார்க்கவில்லை.

*

பெற்ற பிள்ளை தேர்வு எழுதும்போது ஆசிரியை அந்த அறைக்குள் இருக்கக்கூடாது என்பது விதி. மதியம் துளியின் முறை வந்ததும் டீச்சர் எழுந்து பக்கத்திலிருந்த சாமான் அறைக்குப் போனாள்.

ஏழு மாதமாக அவள் அந்த அறையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றதில்லை. அது அவருடைய அறை. மூன்று கால் ஸ்டூல் ஒன்று, துண்டு மாட்டும் ஆணி ஒன்று. அலமாரி நிறைய பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் அவருடைய குண்டு குண்டான கையெழுத்து. புதிதாக வந்த உதவியாளர் எதையும் மாற்றி ஒட்டவில்லை. மாற்ற வேண்டிய அவசியமே இருந்திருக்காது. அவர் ஒட்டினால் அவ்வளவு நேராக ஒட்டுவார்.

இத்தனை சுத்தமான மனிதர் எப்படி, என்று வழக்கமான கேள்வி எழுந்தது. வழக்கமான ஆத்திரமும் கூடவே எழுந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

சாமான் அறைக்கும் ஆய்வகத்துக்கும் நடுச்சுவரில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. பாட்டில் கொடுத்து வாங்குவதற்காக வைத்தது. கதவு கையகலத்துக்குத் திறந்திருந்தது. சாத்தியிருக்க வேண்டும். சாத்தவில்லை. டீச்சராக இருந்தாலும் அம்மா அம்மாதானே.

அந்த இடுக்கு வழியாகத் துளியின் முகம் தெரியவில்லை, கைகள்தான் தெரிந்தன. வலது கை பிப்பெட்டால் இருபது மில்லி எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டது. அடுத்து ஒரு சோதனைக் குழாய் நீர்த்த கந்தக அமிலம் சேர்க்க வேண்டும். அந்தக் கை பாட்டிலிடம் போனது, திரும்பி வந்தது. கோட்டில் துடைத்துக்கொண்டது. மறுபடி போனது.

டீச்சர் தன் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கை பாட்டிலை எடுத்தது. நடுக்கத்தில் பாட்டில் குழாயின் விளிம்பில் தட்டிக் கிணுகிணுவென்று சத்தம் கேட்டது. ஆனால் ஊற்றிவிட்டது. பிறகு பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட் சொட்டுச் சொட்டாக இறங்கியது. விழுந்த ஊதா ஒவ்வொரு முறையும் காணாமல் போயிற்று. வெகுநேரம் கழித்து ஒரு சொட்டு விழுந்தது, குடுவை முழுக்க வெளிறிய ரோஜா நிறம் பரவி அப்படியே நின்றது. அந்தக் கை பியூரெட்டின் திருகை உடனே மூடியது. ஒரு சொட்டுகூட அதிகமில்லை. அப்பாவின் கைதான், சந்தேகமே இல்லை.

டீச்சருக்கு நெஞ்சு நிறைந்தது. பெருமைப்பட இன்னும் ஒரு நிமிடம்தான் அவளுக்கு மிச்சம் இருந்தது.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாய்மொழிக் கேள்விகளை ஆரம்பித்தார். நல்ல மனிதர், பயமுறுத்தாமல் கேட்டார்.

“அடர் கந்தக அமிலத்தை எப்படிம்மா நீர்க்க வைப்பே?”

“தண்ணியில அமிலத்தைச் சேர்க்கணும் சார். கண்ணாடிக் குச்சி வழியா, கொஞ்சம் கொஞ்சமா, கலக்கிக்கிட்டே.”

“மாத்தி ஊத்தினா?”

அந்தக் கைகள் கோட்டில் தொங்கிய பொத்தானைப் பிடித்துத் திருகின.

“தெரியலேன்னா பரவால்ல.”

“தெரியும் சார். வெப்பம் நிறைய வரும். அமிலம் கனம், தண்ணி லேசு. அதனால தண்ணி மேலேயே நின்னு கொதிக்கும். அமிலத்தையும் சேர்த்து வாரித் தெறிக்கும்.”

“ரொம்பச் சரி. நேர்ல பார்த்த மாதிரி சொல்றியே!” தேர்வாளர் தமாஷாகத்தான் சொன்னார்.

“பார்த்தேன் சார்.”

“ம்?”

“நான்தான் ஊத்தினேன். எங்கப்பா என்னைத் தள்ளிவிட்டு முன்னாடி வந்து நின்னார். அவர் கண்ணு ரெண்டும் போச்சு. தான் ஊத்தினதா எல்லார்கிட்டயும் சொல்லிட்டார். இன்னிக்கு அவர் வீட்டை விட்டே போறார் சார். எங்கம்மாவுக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க.”

முன்பின் தெரியாத ஒருவரிடம், மதிப்பெண் போட வந்தவரிடம், ஏழு மாதமாக அடக்கி வைத்ததை அந்தப் பெண் கொட்டிவிட்டது. தேர்வாளர் பேனாவை மூடினார்.

“போய்ச் சாமானெல்லாம் கழுவி வைம்மா. நான் எதுவும் கேட்கல” என்றார்.

சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவள் கேட்டுவிட்டாள்.

*

கழுவும் தொட்டி அந்தச் சின்ன ஜன்னலுக்குக் கீழேதான் இருந்தது. துளி பிப்பெட்டைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் கதவு முழுவதும் திறந்தது. உள்ளே அம்மாவின் முகம்.

“அம்மா…”

“உனக்குத் தெரியாதா?” டீச்சர் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. “அஞ்சாவது படிக்கும்போதே ஒப்பிப்பியே. தண்ணியில அமிலம், தண்ணியில அமிலம்னு வீடெல்லாம் பாடிக்கிட்டுத் திரிவியே. உனக்கா தெரியாது?”

“தெரியும்மா.”

“தெரிஞ்சுமா ஊத்தினே?”

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. துளி அதை நிறுத்தவில்லை. பேச்சு வெளியே கேட்கக்கூடாதே என்று இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

“நீ சொன்னேம்மா.”

“நானா? நான் எப்போ சொன்னேன்?”

“வாய்ஸ்ல. அப்பா போனுக்கு அனுப்பியிருந்தே. அப்பா போனை லேப்லயே வெச்சுட்டு, கீழே பெட்டி இறக்கப் போயிருந்தார். நான்தான் போட்டுக் கேட்டேன். அப்பா வர்றதுக்குள்ள நாமளே பண்ணி வெச்சுட்டா அவருக்கு வேலை மிச்சம்னு…” உதட்டைக் கடித்துக்கொண்டாள். “புத்தகத்துல ஒரு மாதிரி இருந்துச்சு. நீ வேற மாதிரி சொன்னே. நீ சொன்னா அதுக்கு ஏதாவது காரணம் இருக்கும்னு நினைச்சேன்.”

டீச்சர் போனை எடுத்தாள்.

“நான் சொன்னேன்னு அப்பாகிட்ட சொல்லிடாதேம்மா. சத்தியம் வாங்கியிருக்கார்.”

அங்கே யாரோ துளியைக் கூப்பிட்டார்கள். அவள் முகத்தைக் கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டு போனாள். குழாயை மூட மறந்துவிட்டாள்.

*

போனில் தேடவே வேண்டியிருக்கவில்லை. கணவரின் பெயரைத் தொட்டதும் அதுதான் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு டீச்சர் அவருக்கு எதுவுமே அனுப்பவில்லை. அவள் அவருக்கு அனுப்பிய கடைசிச் சேதி அது. பதினோரு விநாடி.

ஸ்டூலில் உட்கார்ந்து, போனைக் காதோடு வைத்துக்கொண்டாள்.

“என்னங்க மந்த வாயு சார், இங்க மீட்டிங் இப்போதைக்கு முடியாது. அந்த சல்ஃபியூரிக் ஆசிட்ல தண்ணி கலந்து வெச்சுடுங்க, நாளைக்கு முதல் பீரியடே வேணும். ஐயோ, மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கறாங்கப்பா…” கடைசியில் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு சிரிப்பு. அவ்வளவுதான்.

ஆசிட்ல தண்ணி.

பாலில் தண்ணீர் கலக்கிறோம், பெயின்ட்டில் தண்ணீர் கலக்கிறோம். நாலு பேர் பேசுகிற பேச்சில் யாராவது ‘தண்ணீரில் பெயின்ட்’ என்பார்களா? வகுப்பில் அவள் பேசுகிற தமிழ் வேறு. அங்கே ‘நீரில்’ என்பதற்கு அடியில் இரண்டு கோடு உண்டு. வீட்டுப் பேச்சுக்கு யார் கோடு போடுகிறார்கள்? அவர் கேட்டிருந்தால் வாயைத் திறக்காமல் முதலில் முகவையில் தண்ணீரைத்தான் பிடித்திருப்பார். அவள் சொல்வது என்ன, நினைப்பது என்ன என்று பதினெட்டு வருடத்தில் அவருக்கு அத்துப்படி. துளி கேட்டது அம்மாவின் பேச்சை அல்ல, டீச்சரின் பாடத்தை. ஒரு எழுத்தும் விடாமல் அப்படியே செய்தாள். கெட்டிக்காரப் பிள்ளை.

டீச்சருக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கட்டோடு கிடந்தவரிடம், “பிள்ளைங்க முகத்துல எப்படி முழிப்பேன்?” என்று கேட்டது. டம்ளரைத் தட்டிவிட்டபோது, “இன்னும் எதையெல்லாம் மாத்தி ஊத்தப்போறீங்க?” என்றது. போன வாரம் சொன்னது. ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார். அதைக் குற்ற உணர்ச்சி என்று நினைத்தாள். அவளுக்கு இப்போது தன் குரலை நினைத்தாலே அருவருப்பாக இருந்தது.

மீளா வினை என்று ஒரு பாடம் இருக்கிறது. காகிதம் எரிந்தால் சாம்பல். சாம்பலை என்ன செய்தாலும் காகிதம் வராது. அந்தப் பாடத்தை அவள் நன்றாக நடத்துவாள் என்று பெயர்.

சுவர்க் கடிகாரத்தில் நாலே முக்கால். டீச்சர் எழுந்தாள். கைப்பையை எடுக்கவில்லை. போன் மட்டும் கையில் இருந்தது.

*

தெருமுனையில் நாத்தனார் ஆட்டோக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். “அண்ணி, என்ன இப்படி மூச்சு வாங்க…” என்று ஆரம்பித்ததை டீச்சர் கேட்க நிற்கவில்லை. பதினேழு படியையும் ஓடி ஏறினாள்.

கதவு திறந்திருந்தது. அவர் முன்னறை நாற்காலியில் ஷூ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பை, பையின் மேல் இரண்டு கையும். வீடு அவருக்கு ஏற்கெனவே வெளியூர் ஆகிவிட்டது போல ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

“டீச்சரா? படி இன்னிக்கு இவ்வளவு வேகமா கேக்குது. துளி எப்படிப் பண்ணினா?”

“நல்லாப் பண்ணினா.”

“அமிலத்தைத் தொட்டாளா?”

“தொட்டா.”

“அப்பாடா!” அவர் தோள் இரண்டும் இறங்கின. “போதும். இனிமே பயம் போயிடும்.”

டீச்சர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அன்னிக்கு நான் அனுப்பின மெசேஜை இன்னிக்குத்தான் கேட்டேன்.”

அவர் விரல்கள் பையின் பிடியை இறுக்கின. மந்த வாயு முதல்முறையாக நிறம் மாறியது.

“அவளை ஒண்ணும் கேக்காதே” என்றார். “குழந்தை அவ.”

“அவளைக் கேக்கல. உங்களைக் கேக்கறேன். ஏழு மாசம் நான் பேசின பேச்செல்லாம் கேட்டுக்கிட்டு… ஒரு தடவை வாயைத் திறந்திருக்கக் கூடாதா? ஒரே ஒரு தடவை?”

“திறந்து என்ன சொல்றது? அவ ஊத்தினான்னா, நீ சொன்னேன்னா? ரெண்டு பேர்ல யாரைப் பிடிச்சுக் கொடுக்கறது? எனக்கு இருக்கறதே ரெண்டு பேரு.”

அவள் கதவு நிலையை விட்டாள். அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னைத் திட்டினா உனக்குத் தூக்கமாவது வரும்” என்றார் அவர். “உன்னையே திட்டிக்க ஆரம்பிச்சேன்னா நீ தாங்க மாட்டே. எனக்குத் தெரியும். நீ என்னை மாதிரி இல்ல. உனக்கு எல்லாத்துக்கும் பொங்கும்.”

கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது. “அண்ணா, வண்டி வந்தாச்சு!” என்று நாத்தனார் குரல் கொடுத்தாள்.

இருங்க. நாலே எழுத்து. காலையில் ஆத்திரத்தால் வராத வார்த்தை, இப்போது வெட்கத்தால் வரவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? எந்த வாயால்?

“அந்த மெசேஜ் உன் போன்ல இன்னும் இருக்கா?” என்று அவர் கேட்டார்.

“இருக்கு.”

“போடு.”

“வேண்டாங்க. உங்க கால்ல விழறேன், வேண்டாம்.”

“போடு, டீச்சர்.”

விரல் வழுக்கியது. இரண்டாவது தடவைதான் சரியாகப் பட்டது. ‘என்னங்க மந்த வாயு சார்’ என்று அந்தக் குரல் துள்ளிக்கொண்டு அறைக்குள் வந்தது. அவர் பையின் மேல் கவிந்து, தலையைச் சாய்த்து, காதை அருகே கொண்டுவந்தார். ஆசிட்ல தண்ணி என்று வந்த இடத்தில் டீச்சர் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் அசையவில்லை. அவர் அந்த இடத்துக்காகக் காத்திருக்கவில்லை.

கடைசியில் அந்தச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, மீட்டிங்கில் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று, அவருக்கென்று மட்டும் சிரித்த சிரிப்பு.

பதினோரு விநாடி முடிந்தது.

“ஆஸ்பத்திரியில துளியைப் போடச் சொல்லி ஒரு தடவை கேட்டுட்டு, அவளை விட்டே என் போன்ல இதை அழிச்சுட்டேன்” என்றார். “யாராவது கேட்டுடப் போறாங்களேன்னு. அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்தச் சிரிப்பும் அதோட போயிடுச்சுன்னு. கண்ணு போனதுகூடப் பழகிடுச்சு டீச்சர். நீ எப்படிச் சிரிப்பேன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பார்ப்பேன். ஞாபகத்துக்கே வரல.”

படியில் நாத்தனாரின் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. பை இன்னும் அவர் மடியில்தான் இருந்தது. ஒரு கையை மட்டும் அதிலிருந்து எடுத்து, காற்றில் தடவி, அவள் போன் பிடித்திருந்த கையைக் கண்டுபிடித்தார்.

“இன்னொரு தடவை போடு” என்றார்.